கிளியம்மாளின் விரல் நுனி

மனிதத் தோலின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள் இது என்று ஒரகடத்து ஒயரிங் கம்பெனியின் நோட்டீஸ் போர்டு அறிவித்தது. விரல் நுனியில் மெல்லிய கரண்ட் பாய்ச்சுவார்கள். உணர்ச்சி மழுங்காத கான்ட்ராக்ட் ஆட்கள் பர்மனென்ட். மற்றவர்களுக்கு இந்த மாதத்தோடு சரி.

சேஃப்டி ஆபீசர் பிரசன்னாவின் மிஷின் முன்னால் கிளியம்மாள் வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடமாக ஒயர் சொருகுகிறவள்.

"சுர்ருன்னு இருந்தா இன்னொரு கையைத் தூக்குங்கக்கா."

தூக்கினாள். பிரசன்னா கரண்டைக் குறைத்தான். அதற்கும் தூக்கினாள். யாருக்குமே தெரியாத கடைசி அளவுக்கு இறக்கினான். அதற்கும் தூக்கினாள். பட்டனை அழுத்தாமல் ஏமாற்றிப் பார்த்தான், கை எழவில்லை.

அவனுக்குப் புல்லரித்துவிட்டது. "எம்.டி. விரலுக்கே இது தெரியலக்கா" என்றபடி 'பர்மனென்ட்' என்று எழுதி சீல் குத்தினான். "எப்படிக்கா?"

"சீலு குத்தியாச்சா சார்?"

"ஆச்சு."

"வெரலு மரத்துப்போயி ஆறு வருசம் ஆவுது. சுடு டீ கிளாசே தெரியாது. நீங்க பட்டன அமுக்கசொல்ல உதட்டக் கடிச்சிக்கிறீங்க, அத பாத்துக்கினு இருந்தேன். லைன்ல சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்துத்தான சார் பொழப்பே ஓடுது."

பிரசன்னாவுக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. தாளை இழுத்து, வேலை என்ற இடத்தில் 'ஒயர் சொருகுதல்' என்பதை அடித்துவிட்டு, 'கண்ணால் பார்த்துக் குறை கண்டுபிடித்தல்' என்று எழுதினான்.

அடுத்த ஆளைக் கூப்பிடுமுன் மாஸ்க் மாட்டிக்கொண்டான்.