ஆறு குளிசைகள்

தலையணை உறையைச் சுரேகா கழற்றி உதறியபோது கட்டிலில் ஆறு குளிசைகள் விழுந்தன. எல்லாம் ஒரே நிற, ஒரே அளவு மாத்திரைகள்.

"அப்பா, என்ன இது?"

வீரபாகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில் ஜவாஹிர் எட்டிப் பார்த்தார். "பாமசி திறக்கப் போறார் போல."

சுரேகா சிரிக்கவில்லை. குளிசைகளை அள்ளிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாட்டின் மறுகோடியில் நின்ற தாதி ஜெயரூபியிடம் போனாள்.

"மிஸி, பிரஷர் குளிசையை அப்பாவுக்குக் குடுக்கிறனீங்களோ, தலையணைக்குக் குடுக்கிறனீங்களோ?"

ஜெயரூபி அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தாள். "காலமையும் பின்னேரமும் கையில குடுக்கிறம். வாயில போட்டுத் தண்ணி குடிக்கிறவர்."

"விழுங்கினவரோ எண்டு பாக்கிறேல்லையோ?"

"முப்பத்தெட்டுக் கட்டில் இருக்கு, தங்கச்சி."

"எட்டு நாளா கிளிநொச்சியிலயிருந்து பஸ்ஸில வந்து போறன். உடுப்புத் தைக்கிற காமன்ற்ஸில லீவு முடிஞ்சுது. நாளைக்குப் போகாட்டில் வேலை இல்லை. இவருக்கு எண்டால் பிரஷர் இறங்குதில்லை. இப்பதானே தெரியுது ஏனெண்டு."

"சத்தம் போடாதேங்கோ. ஒரு மணிக்குப் பெல் அடிக்கும். அடிச்சால் ஒருத்தரும் நிக்கேலாது."

"அதை மட்டும் சரியாச் செய்வீங்கள். நேற்றும் கதைச்சுக்கொண்டிருக்கேக்க கலைச்சனீங்கள்."

அவளுடைய போன் அடித்தது. சூப்பர்வைசர். வெட்டினாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால்.

ஜெயரூபி வீரபாகுவின் கட்டிலடிக்கு வந்து, அங்கே தொங்கிய அட்டையை எடுத்தாள். விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"வந்த நாளிலயிருந்து பிரஷர் இறங்கித்தான் வந்திருக்கு. செவ்வாய் பின்னேரத்துக்குப் பிறகுதான் ஏறுது." அவள் குளிசைகளைத் தொட்டு எண்ணினாள். "செவ்வாய் ஒண்டு. புதன் ரெண்டு. வியாழன் ரெண்டு. இண்டைக்குக் காலமை ஒண்டு."

"செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?" என்றாள் சுரேகா.

ஜவாஹிர்தான் பதில் சொன்னார். "டொக்டர் வந்து, ஐயா, ரெண்டு நாளில துண்டு வெட்டி வீட்ட அனுப்பலாம் எண்டவர். நான் எண்டால் எழும்பி ஆடியிருப்பன். இந்த மனுசன் மத்தியானச் சோத்தையும் தின்னேல்லை."

"கசக்குது, மிஸி," என்றார் வீரபாகு சுவரைப் பார்த்தபடி.

ஜெயரூபி அட்டையைக் கொழுவினாள். அதில் வீரபாகுவின் ஊர் பூவரசங்குளம், வீட்டில் தனியாக இருப்பவர் என்று எழுதியிருந்தது. "பூவரசங்குளத்துக்குக் கடைசியா எப்ப போனனீங்கள்?"

"அப்பாவோ?"

"நீங்கள்."

சுரேகா கொஞ்சம் யோசித்தாள். "பொங்கலுக்கு."

ஆவணி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

வீரபாகு இந்தப் பக்கம் திரும்பினார். "அவளை ஒண்டும் கேளாதேங்கோ, மிஸி. அவள் என்ன செய்வாள்? அங்க ஒரு நாளும் லீவு குடுக்கிறாங்களில்லை."

ஜெயரூபி குளிசைகளைச் சுரேகாவின் கையிலிருந்து வாங்கினாள். டொக்டரைக் கேட்டுவிட்டு வருவதாகப் போனாள்.

சுரேகா கட்டில் விளிம்பில் இருந்தாள். போன் மறுபடியும் அடித்தது. எடுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அதுவாக ஓய்ந்தது.

"அப்பா, குளிசையை விழுங்கிப்போட்டு வீட்ட போங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமை வாறன்."

"லீவு தருவாங்களோ?"

"ஞாயிறு காமன்ற்ஸ் பூட்டு."

"இந்த ஞாயிறோ?"

அவள் தலையணை உறையை மடித்தாள். பிரித்தாள். திரும்பவும் மடித்தாள்.

"எல்லா ஞாயிறும்."

வீரபாகு தலையை மெல்ல ஆட்டினார். ஜவாஹிர் கண்ணை மூடிக்கொண்டு படுத்தார்.

ஜெயரூபி புதுக் குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். வீரபாகு வாயில் போட்டு, குடித்து, யாரும் கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினார். தாதிக்கல்ல, மகளுக்கு.

பெல் அடித்தது. வாசலிலிருந்து காவலாளி ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "நேரம் முடிஞ்சுது. எல்லாரும் வெளியில."

"பஸ்ஸைப் பிடி, பிள்ளை," என்றார் வீரபாகு.

சுரேகா அப்பா தண்ணீர் குடித்த வெறுங்கோப்பையைப் பிடித்தபடி இருந்தாள்.

ஜெயரூபி மூலையில் நின்ற துணி மறைப்பைத் தள்ளிவந்து, கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.