சுழலும் தூண்

ஒட்டோமான் சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசல் ஒன்றின் சுவர்ப் பொந்தில் ஒரு புறா இரண்டு முட்டைகள் இட்டிருந்தது. அதற்கு நேர் கீழே மெல்லிய பளிங்குத் தூண் ஒன்று நின்றது. காவலர் நூரி தினமும் வந்து அதைக் கையால் ஒரு சுற்று சுழற்றிப் பார்ப்பார். சுழன்றதும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

புறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்பா தூணே, நீ இப்படி ஆடினா குவிமாடம் என் முட்டை மேலேதானே விழும்?"

"நான் எதையும் தாங்கவில்லை, தாயி. தரை இறங்கினால் சுவரின் பாரம் என் தலையில் ஏறும், அப்போது என்னால் சுழல முடியாது. நான் சுழலும்வரை கட்டடம் நலம். அதைக் காட்டத்தான் கட்டியவர் என்னை வைத்தார்."

"ஆடினா உறுதி, நின்னா ஆபத்தா? இந்தச் சரக்கை வேற ஆளிடம் விற்றுப் பார். நான் நாலு சந்தை பார்த்தவள்."

அன்றே புறா களிமண்ணும் பொடிக்கல்லும் கொண்டுவந்து தூணுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் இறுக்கி அடைத்தது. பிறகு நிம்மதியாக அடைகாத்தது.

மறுநாள் நூரி தூணைத் தள்ளினார். அசையவில்லை. "தரை இறங்கிவிட்டது!" என்று கத்திக்கொண்டே ஓடினார். தொழ வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். சுவருக்கு முட்டுக்கொடுக்கக் கட்டைகளோடு ஏறிய ஆட்கள், கூட்டை அப்படியே தூக்கி வெளியே மதில்மேல் வைத்தார்கள்.

கொதிக்கும் வெயிலில் முட்டைகள்மேல் இறகை விரித்துக்கொண்டு புறா விழித்தது. ஒன்றும் விளங்கவில்லை.

"ஆடினப்போ உள்ளே உட்கார்ந்திருந்தாங்க. உறுதியாக்கிக் கொடுத்ததும் ஓடறாங்க. இந்த ஜனங்களுக்கு என்னதான் வேணும்?"