கொக்குத் தாவல்

"மூணு சண்டை, மூணுலயும் மண்ணைக் கவ்வியாச்சு. உன் கொக்குத் தாவல் எங்கடா போச்சு?" என்று பயிற்சியாளர் வென்ஸ்லி கத்தினார்.

கிக்பாக்ஸிங் சாம்பியன் ஓர்வில் தலையைச் சொறிந்தான். அவனுடைய அந்தத் தாவல் இதுதான்: மூன்றாவது காலடியில் காரணமே இல்லாமல் இடப்பக்கம் ஒரு துள்ளல், அந்தரத்திலிருந்தே முகத்தில் உதை. அதைத் தடுக்க வழி தெரியாமல் ஆம்ஸ்டர்டாம் வீரர்கள் ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

"இப்ப கால் எழும்பவே மாட்டேங்குது மாஸ்டர். பொண்டாட்டி செய்வினைங்கிறா."

"நம்ம பரமாரிபோ ஊர்ல உனக்குச் செய்வினை வைக்க எவனுக்குடா நேரமிருக்கு? அந்தத் தாவல் எங்க பரம்பரை ரகசியம்னு டிவியில வேற அளந்து விட்டுருக்கேன். எப்பலேருந்து இப்படி?"

"அமைச்சர் நமக்கு இந்தப் புதுக் கூடத்தைக் கட்டிக் குடுத்ததுலேருந்து."

வென்ஸ்லி பளபளக்கும் பலகைத் தரையையே பார்த்தார். வெளியே போய் ரம்பத்தோடு வந்தார்.

"ஐயோ மாஸ்டர், என்ன பண்றீங்க?"

"பழைய கூடத்துல பலகை உளுத்து ஒரு ஓட்டை இருந்துச்சே, தினமும் தாண்டுவியே, அது எத்தனாவது காலடியில?"

"மூணா..." ஓர்வில் வாயைப் பிளந்தான்.

வென்ஸ்லி மண்டியிட்டு அறுக்க ஆரம்பித்தார்.

"அமைச்சர் கேட்டா?"

"உங்க மச்சான் காண்ட்ராக்ட் எடுத்துப் போட்ட பலகை உளுத்துப்போச்சுன்னு சொல்லு. வாயே திறக்க மாட்டார்."