பதினெட்டுக் கோணல் கப்

"ஏம்மா, கண்ணு தெரியாதவங்கதானேன்னு, கழிச்சுப் போட்டதையெல்லாம் கொண்டாந்து இவங்க தலையில கட்டப் பார்க்கறியா?"

பார்வையற்றோர் இல்லத்தின் புதுச் செயலாளர் போட்ட சத்தத்தில் அலுவலக அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் பொறுப்பேற்று நாலு நாள்தான் ஆகிறது.

மேஜைமேல் பதினெட்டு மண் கப்புகள். ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒன்றுக்கு விளிம்பு அலை அலையாக இருந்தது. இன்னொன்றின் கைப்பிடி, யாரோ பிடித்துத் திருகிய காது மாதிரி.

எதிரில் அவற்றைப் பெட்டியில் சுமந்து வந்த பெண் நின்றாள். இரண்டு தெரு தள்ளி, சக்கரமும் சூளையும் வைத்து மண்பாத்திரம் செய்பவள்.

"யார்கிட்ட? பீங்கான் ஃபேக்டரியில முப்பது வருஷம் தரம் பார்த்தவன் நான். ஒரு நாளைக்கு எட்டாயிரம் கப் வரும். எட்டாயிரமும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கும். ஒரு நூல் பிசகினாலும் உடைச்சுக் குப்பையில போட்டுடுவேன். இதுவும் அந்தக் குப்பைதான்!"

"சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்."

"ஏன், உன் வண்டவாளம் வெளியில தெரிஞ்சுடும்னு பயமா?"

"அதுக்கில்ல சார். அவங்களுக்குக் கண்ணுதான் தெரியாது. காது நல்லாக் கேக்கும்."

"கேக்கட்டுமே!"

அவள் தயங்கினாள். "என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க சார். கப்பைத் திட்டாதீங்க."

"ஓ! கப்புக்கு ரோஷம் வந்துடுமோ?"

செயலாளர் கப்புகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்ப வைக்க ஆரம்பித்தார். "எடுத்துட்டுக் கிளம்பு. நாளைக்கே ஃபேக்டரிக்குப் போன் போடறேன். பளிங்கு மாதிரி பதினெட்டு வந்து இறங்கும்."

கடைசிக் கப்பை வைத்ததும் டீ மணி அடித்தது. கைத்தடிகளின் சத்தம் வராந்தாவில் கேட்டது. எல்லாருக்கும் முன்னால் வந்தவர், டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். இல்லத்தில் அவருக்கு ஆபரேட்டர் அக்கா என்றே பெயர்.

"கப் வந்தாச்சாமே! சூளையில ஒண்ணும் வெடிக்கலையே?"

"ஒண்ணுகூட வெடிக்கலைக்கா" என்றாள் அந்தப் பெண்.

ஆபரேட்டர் அக்கா பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார். "இது இல்ல... இது பாட்டு வாத்தியாரோடது... ஆங், இதான் என்னோடது!"

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் செஞ்ச கப் எனக்குத் தெரியாதா சார்? தொட்டுப் பாருங்க, என் கட்டைவிரல் பள்ளம்! மூணு மாசமா, செவ்வாய்க்கிழமை தவறாம வந்து, எங்க கையைப் பிடிச்சுக் கத்துக் குடுத்தது இந்தப் பொண்ணுதான்."

"ஃபேக்டரி கப்தான் ஏற்கெனவே இருந்ததே?"

"இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி. சளி பிடிச்சவர் கப் எனக்கு வரும். சர்க்கரை வியாதிக்காரர் என் டீயைக் குடிச்சுடுவார். எது யாரோடதுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இனிமே நாங்க யாரையும் கேக்க வேண்டாம் பாருங்க."

மற்றவர்களும் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். விரல்கள் தடவின, நின்றன, சிரிப்பு எழுந்தது. இரண்டு நிமிஷத்தில் பெட்டி காலி; கப்புகளில் சுடச்சுட டீயும் வந்துவிட்டது.

செயலாளர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"இவங்க செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க குப்பைன்னு சொன்ன பிறகு, அதை எந்த வாயால சார் சொல்றது?"

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"எவ்வளவோ கப்பை உடைச்சிருக்கேன். ஒண்ணுகூடச் செஞ்சதில்லை" என்றார். பிறகு, "அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கும் ஒரு உருண்டை மண்ணு கொண்டு வர்றீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள், டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஆபரேட்டர் அக்கா சொன்னார்:

"தாராளமா வாங்க சார். உங்க கப் கோணலா வந்தாலும், இங்க யாரும் சத்தம் போட மாட்டோம்."