மரியாதைப் பட்டியல்

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுமே அவள் திரையில் திறந்திருந்த ஃபைலை மூடினாள்.

காலையில் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து ஃபோன் வந்திருந்தது. யாரோ ஒரு நோயாளி, அப்பாயின்ட்மென்ட் போடும்போது பிறந்த தேதியைத் தவறாக அடித்துவிட்டார். "அடுத்த வருஷம்தான் பொறக்கப் போறியா? கண்ணைத் தொறந்து பாரு" என்று கேட்டிருக்கிறது திரை.

இந்தக் கம்பெனி செய்துகொடுத்த புரோகிராம். அந்த வரியை எழுதியவள் இவள்தான்.

ஆபீஸில் இவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். வீட்டில் மாமியாரிடமும் இங்கே மேனேஜரிடமும் விழுங்கிய பதில்களையெல்லாம் புரோகிராமுக்குள் கொட்டிவிடுவாள். அது ஒன்றுதான் திருப்பிப் பேசாது.

ஆனால் விவரமானவள். ஃபைல்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்ட் வேலையின் நடுவே ஒரு குட்டி ஸ்கிரிப்டை நுழைத்து வைத்திருந்தாள். அதற்கு ஒரு பட்டியல். இடப்பக்கம் இவளுடைய திட்டு, வலப்பக்கம் அதற்குரிய மரியாதை. "அறிவிருக்கா?" என்று எழுதியிருந்தால், வெளியே போகும்போது "தயவுசெய்து சரிபார்க்கவும்" என்று தானாக மாறிப் போகும். மூல ஃபைலில் திட்டு திட்டாகவே கிடக்கும். மனசும் ஆறும், வேலையும் நிலைக்கும்.

நேற்று எழுதிய திட்டுக்கு மரியாதை சேர்க்க மறந்துபோனாள். அவ்வளவுதான்.

"அந்தப் பட்டியலை எடும்மா," என்றார் மேனேஜர்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. ரகசியம் இவர் வரைக்கும் போய்விட்டதென்றால் வேலை போனது போனதுதான். நாளையிலிருந்து முழுநாளும் வீட்டில், மாமியாருக்கு எதிரே.

எடுத்தாள்.

மேலே இவள் சேர்த்த நாற்பது வரிகள் இருந்தன. மேனேஜர் மௌஸை வாங்கி உருட்டினார். உருட்டிக்கொண்டே போனார்.

நாற்பதுக்கு அப்புறமும் வரிகள் வந்தன. அறுபது. எண்பது. நூறு.

அந்த வரிகளில் இடப்பக்கம் இருந்ததெல்லாம் இவளுடைய திட்டுகளேதான், அதில் சந்தேகமில்லை. வலப்பக்கத்து மரியாதையில் ஒன்றுகூட இவள் எழுதியதில்லை.

எப்போதும் மேலேயே சேர்த்துவிட்டு மூடிவிடுகிறவள். கீழே போய்ப் பார்த்ததே கிடையாது. இத்தனை நாளில் நேற்று ஒரு முறைதான் மறந்தோம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

நூற்றுப் பதினேழாவது வரியில் மேனேஜரின் கை நின்றது.

இடப்பக்கம்: "அந்த வழுக்கைகிட்ட போய் அழு."

வலப்பக்கம்: "நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்."

அவள் தரையைப் பார்த்தாள். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. மேனேஜர் கையை எடுத்துத் தன் தலையை ஒரு முறை தடவிக்கொண்டார்.

"நேத்து ஒருநாள் லீவு போட்டுட்டேம்மா," என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.