கை படாமல் ஒரு படம்

"சரி, இப்ப நீங்க உங்க அண்ணனா மாறிடுங்க," என்றார் போட்டோக்காரர்.

இளையவன் பையைத் திறந்து அண்ணனின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். அண்ணனின் மூக்குக்கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, வகிட்டை மறுபக்கம் மாற்றினான். அசல் அண்ணனேதான். இரட்டைப் பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் இவன் செய்த சேட்டைக்கெல்லாம் அவன் அடி வாங்கியிருக்கிறான், வாத்தியார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

"கப்பல் வேலைக்குப் போன மனுஷன் கண்ணாடியை இங்கயா விட்டுட்டுப் போவாரு?" போட்டோக்காரர் சிரித்தார்.

"அது... பழசு சார்."

விஷயம் இதுதான். அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். 'ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்காம நான் கத்திக்குக் கீழ படுக்க மாட்டேன்' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரே பிடிவாதம். தள்ளிப்போட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அண்ணனை வரவழைக்கவோ வழியில்லை. 'நீ மயக்கமா இருந்தப்ப அவன் வந்து பாத்துட்டுப் போனான்மா' என்று சொல்லி, இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றைக் காட்டினால்தான் உண்டு.

"பெத்தவ உயிருக்குப் போராடுறா, இவருக்கு லீவு கிடைக்கலையாம் லீவு!" போட்டோக்காரருக்கு மனசு ஆறவில்லை. "என் கையில மாட்டட்டும், நறுக்குனு நாலு கேள்வி கேக்குறேன்."

இளையவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணன் சட்டையின் பொத்தானைச் சரிசெய்தான்.

கறுப்புத் துணிக்கு முன்னால், இடப்பக்கம் அவன் அவனாகவே நின்றதை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. போட்டோக்காரர் அந்தப் பழைய பிலிம் கேமராவின் அடியிலிருந்த பொத்தானை அமுக்கி, பிலிம் சுற்றும் குமிழை இறுகப் பிடித்துக்கொண்டு லீவரை இழுத்தார். ஷட்டர் மட்டும் ஏறியது, பிலிம் நகரவில்லை. இனி எடுப்பது அதே படத்தின் மேல்தான் விழும்.

இளையவன் வலப்பக்கம் போய் நின்றான். கேமராவின் சின்னக் கண்ணாடிச் சன்னலில் முதலில் அவன் இரண்டாகத் தெரிந்தான். வளையத்தை மெல்லத் திருக, இரண்டு உருவங்களும் ஒட்டி ஒன்றாயின. ஃபோகஸ் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் ஆள் நிற்பது போல அவன் கையை நீட்டினான்.

"ஐயையோ, கையை மடக்குங்க! தோள்ல கை போட்டா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஆவி மாதிரி தெரியும். குட்டு வெளிப்பட்டுடும்."

"விரல் மட்டும் லேசா பட்டா?"

"எதுவும் படக்கூடாது. ஒரு சாண் தள்ளியே நில்லுங்க. ம்... சிரிங்க."

சிரித்தான். எப்படிச் சிரித்தான் என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் படம் அம்மாவின் கைக்குப் போனது. எட்டிப் பார்த்த நர்ஸ், "அடேயப்பா, அச்சில வார்த்த மாதிரி இருக்காங்களே! இதுல நீங்க எது?" என்று அவனைக் கேட்டுவிட்டுப் போனாள். இளையவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். இருவருக்கும் நடுவிலிருந்த கறுப்பு இடைவெளியை விரலால் தடவினாள்.

"நீங்க ரெண்டு பேரும் தோள்ல கை போடாம என்னைக்குடா நின்னீங்க?"

"போட்டோக்காரர்தாம்மா... அப்படி நிக்கச் சொன்னாரு."

"ரெண்டும் நீதான்." அம்மாவின் குரலில் கோபம் இல்லை. "அவன் எப்போ போனான்?"

இளையவன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தான்.

"நேத்து சாயங்காலமே போயிட்டாம்மா. கப்பல் கிளம்பிடுச்சு."

அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் கப்பலைக் கேக்கலடா. என் புள்ள எப்போ போனான்?"