நன்றி, உங்கள் குறை சேர்ந்தது

"பதினோரு மணிக்குக் கூட்டம் சார். இப்பவே பத்து இருபது. நீங்க அனுமதி குடுத்தாத்தான் இது போகும்."

அவள் உட்காரவில்லை. மடிக்கணினியை ஒரு கையில் ஏந்தியபடி, தொழிலாளர் நல அதிகாரியின் மேசைக்கும் சன்னலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தாள். ஆலையின் கணினிப் பிரிவில் நிரல் எழுதுபவள். ஒன்றோடொன்று பேசாத மென்பொருள்களைக் கோத்துவிடுவதே வேலை என்பதால், எல்லாரும் அவளைக் கொக்கி என்றே அழைத்தார்கள்.

"உக்காரும்மா கொக்கி. நீ நடக்குற நடையில என் மேசையே ஆடுது."

அவள் நின்றாள். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தபடி, கண்டுபிடித்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

ஆலை வாயிலில் ஒரு தொடுதிரை இருக்கிறது. தொழிலாளர் எவரும் தம் எண்ணைத் தட்டி, குறையை எழுதலாம். அந்தத் திரையை இயக்கும் கணினிமொழி இளகிய மனம் படைத்தது. எண்ணோ எழுத்தோ, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். நீ எந்த வகை என்று முன்கூட்டிக் கேட்காது. தலைமை அலுவலகத்தின் மென்பொருளோ கறார்ப் பேர்வழி. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வகை வரும் என்று முன்னரே அறிவித்திருக்க வேண்டும். அறிவிப்புக்கு மாறாக ஓர் எழுத்து வந்தாலும் மொத்தத்தையும் தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவே, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் இணைப்பு நிரலை எழுதி வைத்திருந்தார்கள்.

"அதுல, தொழிலாளர் எண்ணுன்னா வெறும் எண்ணுதான்னு அறிவிச்சிருக்காங்க சார். நிரந்தரத் தொழிலாளிக்கு அது சரி. ஒப்பந்தத் தொழிலாளியோட எண்ணு 'ஒ'ங்கிற எழுத்துல ஆரம்பிக்குது."

ஓர் எழுத்து. அந்த ஓர் எழுத்தைச் சுமந்து வந்த குற்றத்துக்காக, ஒப்பந்தத் தொழிலாளர் எழுதிய ஒவ்வொரு குறையும் வாசலிலேயே தள்ளப்பட்டது. தள்ளப்பட்டதை எவரிடமும் சொல்லாமல் விழுங்கிவிடும்படி இணைப்பு நிரல் எழுதப்பட்டிருந்தது. விழுங்கிய பின், திரையில் மரியாதையாக ஒரு வரியைக் காட்டியது: 'நன்றி, உங்கள் குறை சேர்ந்தது.' சேரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒன்றுகூடச் சேரவில்லை. ஒரே கூரையின்கீழ் ஒரே பொறியில் வியர்வை சிந்தியவர்கள், முறையிட வாய் திறந்த கணத்தில் மட்டும் இரு சாதியாகப் பிரிக்கப்பட்டார்கள்.

விழுங்கப்பட்டவை எல்லாம் ஒரு கோப்பில் கிடந்தன. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. அவள் இணைப்பைத் திருத்தி, சோதித்தும் பார்த்துவிட்டாள். அதிகாரி அனுமதித்தால் அத்தனையும் ஒரே மூச்சில் தலைமை அலுவலகம் போய்ச் சேரும்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். ஒப்பந்தத் தொழிலாளரிடமிருந்து குறையே வருவதில்லை என்று ஆண்டறிக்கையில் தாம் எழுதிவருவதையும், அதற்காக ஆலை பெற்ற கேடயத்தையும் நினைவூட்டினார். இத்தனை ஆண்டு மூட்டையை ஒரே நாளில் அவிழ்த்தால் முதலில் உருளுவது தம் தலைதான் என்றார். அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்.

"அடுத்த காலாண்டுல எங்கக்கா கையில எத்தன விரல் இருக்கும்னு சொல்ல முடியுமா சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவளுடைய அக்கா வெட்டுப்பொறியில் ஒப்பந்த வேலை பார்ப்பவள். பொறியின் காப்புக் கதவு உடைந்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. மேற்பார்வையாளரிடம் சொன்னதற்கு, தலைமை அலுவலகத்தில் குறை பதிவாகாமல் பொறியை நிறுத்த முடியாது என்று கைவிரித்துவிட்டார். மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் திரை நன்றி சொன்னது. எந்தெந்தப் பொறியை நிறுத்திப் பழுது பார்ப்பது என்று, வந்து சேர்ந்த குறைகளை வைத்துப் பதினோரு மணிக் கூட்டம் முடிவு செய்யும். அக்காவின் பணிமுறை இரண்டு மணிக்குத் தொடங்குகிறது.

அதிகாரியின் குரல் தணிந்தது. "அங்க போனாலும் ஒண்ணும் நடக்காதும்மா. படிச்சுட்டுத்தான் சும்மா இருக்காங்க. எனக்குத் தெரியும்."

"படிக்கவே இல்லைன்னுதானே சார் சொல்றேன். போய்ச் சேந்தாத்தானே படிக்க?"

அவர் ஒரு கோப்பை எடுத்தார், பிரிக்காமலே கீழே வைத்தார். எழுந்து போய்ச் சன்னலருகே நின்றுகொண்டார். பத்து நாற்பது. அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள். முடியாது என்று சொல்வதானால் ஒன்றையாவது கேட்டுவிட்டுச் சொல்லும்படி மன்றாடினாள்.

"சரி, மேலேர்ந்து ஒண்ணு படி," என்றார் வெளியே பார்த்தபடியே. எதுவானாலும் புலம்பலாகத்தான் இருக்கும் என்று முணுமுணுத்தார்.

அவள் கோப்பின் முதல் குறையைத் திறந்தாள். பன்னிரண்டு ஆண்டுப் பழையது; பெயர் இல்லை, எண் மட்டும்.

"ஒ இருநூத்திப் பதினேழு. 'ஐயா, நல அதிகாரி நாங்கள் எழுதுவதைப் படிப்பதே இல்லை. ஆகவே...'"

"'...ஆகவே, படிக்கிற ஒருவரை அந்த நாற்காலியில் அமர்த்துமாறு வேண்டுகிறேன்,'" என்று, திரையைத் திரும்பிப் பாராமலே மீதியைச் சொல்லி முடித்தார் அதிகாரி. "அந்த இருநூத்திப் பதினேழு நான்தாம்மா" என்றபடி வந்து, அனுமதிப் பொத்தானை அழுத்தினார்.